பன்னிரண்டு டிகிரியில் ஒரு ரசாயனம்

ஒரு ரசாயனத்தை ஆற்றுநீரில் கலந்து, ஆய்வுக்கூடத்தில் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைக்கிறார்கள் என்று கொள்வோம். 30 நாளில் அதில் பாதி சிதைந்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, நன்னீரில் பாதி சிதைவதற்கு 40 நாளுக்கு மேல் பிடித்தால்தான் ஒரு பொருளை ‘நீடித்து நிற்பது’ என்று வகைப்படுத்துவார்கள். ஆகவே இந்தப் பொருள் தப்பித்துவிட்டது. அதே கணக்கை 12 டிகிரிக்கு மாற்றிப் பாருங்கள். குளிர்ந்த நீரில் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும். பாதி சிதைய ஏறக்குறைய 64 நாள் ஆகிவிடும். ‘மிக நீடித்து நிற்பது’ என்பதற்கான எல்லை 60 நாள். பொருள் அதையும் தாண்டிவிட்டது.

பொருள் அதேதான், சட்டமும் அதேதான். எந்த வெப்பநிலையில் கணக்குப் பார்ப்பது என்ற ஒரு வரி மாறியதும் தீர்ப்பு தலைகீழானது. அந்த வரி சட்டப் புத்தகத்தில் கிடையாது, வழிகாட்டி ஆவணத்தில் இருக்கிறது. ஹெல்சிங்கியில் இயங்கும் ஐரோப்பிய ரசாயன முகமை 2017இல் தன் வழிகாட்டியைத் திருத்தியபோது, ஐரோப்பிய ஆறுகள், ஏரிகளின் சராசரி வெப்பமான 12 டிகிரிக்கே சிதைவுக் கணக்கைக் கொண்டுவர வேண்டும் என்று உறுதியாகச் சொன்னது. கடல்நீருக்கு 9 டிகிரி.

தொழிற்சாலை ரசாயனங்களைப் பற்றிச் செய்திகளில் படிக்கும்போது சட்டங்கள், தடைகள், நீதிமன்ற உத்தரவுகள் கண்ணில் படுகின்றன. வழிகாட்டி ஆவணங்கள் படுவதில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள், அட்டவணைகள், அடிக்குறிப்புகள். சட்டப்படி அவை யாரையும் கட்டுப்படுத்துவதும் இல்லை. ஆனால் ஒரு ரசாயனம் ஆற்றுக்குக் கெடுதலா இல்லையா என்று முடிவு செய்யும் பேனா நடக்கிற பாதை அவற்றில்தான் போடப்பட்டிருக்கிறது. அதனால்தான் அவை எப்படித் திருத்தப்படுகின்றன என்பது பொதுமக்கள் அறிந்திருக்க வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன்.

முதலில் சட்டம். ஐரோப்பாவில் 1981 செப்டம்பருக்கு முன்பே சந்தையில் இருந்த பொருட்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். 1993இல் வந்த ஒழுங்குவிதி, இவற்றில் முக்கியமானவற்றை அரசுகளே ஆராய்ந்து மதிப்பிடட்டும் என்றது. முன்னுரிமைப் பட்டியலில் இடம்பிடித்தவை மொத்தம் 141தான். அந்த வேகத்தில் போனால் பல தலைமுறை ஆகும் என்பது எல்லாருக்கும் புரிந்தது. 2007 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘ரீச்’ சட்டம் பொறுப்பைத் திருப்பிப் போட்டது. ஒரு பொருளைத் தயாரிக்கிறவர் அல்லது இறக்குமதி செய்கிறவர்தான் அதைப் பற்றிய தரவுகளைத் தர வேண்டும். தரவு இல்லையென்றால் சந்தையும் இல்லை. ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேல் போனால், பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கையையும் அவரே எழுத வேண்டும்.

ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் தத்தம் பொருளைத் தாமே மதிப்பிடும்போது ஆளுக்கொரு முறையில் கணக்குப் போட்டால் ஒன்றையொன்று ஒப்பிடவே முடியாது. வழிகாட்டி ஆவணத்தின் தேவை அங்கேதான் எழுகிறது. 1996இல் வந்து 2003இல் திருத்தப்பட்ட ஒரு தொழில்நுட்ப வழிகாட்டிதான் இன்றைய ஆவணங்களுக்கு மூத்தது. அதன் பல எண்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

அந்தக் கணக்கின் அடிப்படை எளிமையானது. சூழலில் அந்தப் பொருள் எவ்வளவு செறிவில் இருக்கும் என்று ஓர் எண். எவ்வளவு வரை இருந்தால் உயிரினங்களுக்குத் தீங்கு நேராது என்று இன்னோர் எண். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வரும் விடை ஒன்றுக்குக் கீழே இருந்தால் இடர் கட்டுக்குள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். ஒன்றைத் தாண்டினால் பயன்பாட்டைக் குறைக்க வேண்டும், அல்லது கூடுதல் தரவு தர வேண்டும்.

முதல் எண்ணுக்காக வழிகாட்டி ஒரு கற்பனை ஊரைக் கட்டி வைத்திருக்கிறது. மக்கள்தொகை 10,000. ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் கழிவுநீர். ஆக ஊரின் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நாளும் 20 லட்சம் லிட்டர் வந்து சேரும். வெளியேறும் நீர் ஆற்றில் பத்து மடங்கு நீர்த்துப்போகும். இந்த ஊருக்கு ஒரு தொழிற்கூடத்திலிருந்து தினமும் 200 கிராம் ரசாயனம் வருகிறது, பாதி சுத்திகரிப்பில் போய்விடுகிறது என்றால், மீதி 100 கிராம் 20 லட்சம் லிட்டரில் கரைந்து லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் ஆகும். ஆற்றில் கலந்தபின் 0.005.

இரண்டாவது எண் ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறது. வழக்கமாகச் சோதிக்கப்படுபவை மூன்று: பாசி, டாஃப்னியா என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரி, மீன். உணவுச் சங்கிலியின் மூன்று படிகளுக்கு மூன்று பிரதிநிதிகள். குறுகிய காலச் சோதனைகள் மட்டுமே கையில் இருந்தால், மூன்றில் மிகக் குறைந்த அளவை எடுத்து 1,000ஆல் வகுக்கச் சொல்கிறது வழிகாட்டி. டாஃப்னியாக்களில் பாதியைப் பாதித்த அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்றும், மூன்றில் அதுவே மிகக் குறைவு என்றும் வைத்துக்கொண்டால், பாதுகாப்பான எல்லை 0.003. நம் கற்பனை ஊரின் ஆற்றில் 0.005 இருக்கிறது. விடை ஒன்றைத் தாண்டிவிட்டது.

நிறுவனம் இப்போது மூன்று உயிரினங்களிலும் நீண்ட காலச் சோதனை செய்கிறது. தீங்கே தென்படாத மிகக் குறைந்த அளவு 0.2 மில்லிகிராம் என்று வருகிறது. நீண்ட காலத் தரவு மூன்றும் இருந்தால் வகுக்க வேண்டியது 10ஆல் மட்டுமே. எல்லை 0.02 ஆகிவிடுகிறது, ஆறு பாதுகாப்பானது என்று விடை மாறுகிறது. இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். அறியாமைக்கு ஒரு விலை வைத்திருக்கிறார்கள். அதைச் செலுத்த வேண்டியவர் பொருளை விற்கிறவர்.

ஆனால் மூன்று பிரதிநிதிகள் எல்லா உயிருக்கும் சார்பாகப் பேசிவிட முடியுமா? அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் மழை பெய்தபின் ஓடைகளுக்கு முட்டையிடத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. காரணம் பல ஆண்டுகள் பிடிபடவில்லை. 2020 டிசம்பரில் வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். டயர் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்க ‘6பிபிடி’ என்ற ரசாயனம் சேர்ப்பது உலகெங்கும் வழக்கம். காற்றிலுள்ள ஓசோனோடு அது வினைபுரிந்து ‘6பிபிடி குயினோன்’ ஆகிறது. சாலையில் தேய்ந்த டயர்த் தூளோடு மழைநீர் அதை ஓடைக்குக் கொண்டுபோகிறது. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே கோஹோ மீன்களில் பாதி செத்துவிடும் என்று பின்னர் தெரிந்தது. அதே சால்மன் குடும்பத்தின் சம் என்ற இனத்தை அது ஒன்றும் செய்வதில்லை. ஆய்வுக்கூடத் தொட்டியில் எந்த மீன் நீந்துகிறது என்பதில் முடிவு தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. விற்கப்பட்ட பொருள் வேறு, கொன்ற பொருள் வேறு. இப்படி உருமாறும் பொருட்களைத் தேடச் சொல்வது வழிகாட்டிகளின் முக்கியமான வேலை. அதற்குத் திருப்பூர் வரை நீளும் ஓர் உதாரணம் இருக்கிறது. நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் என்பது துணியை நனைக்கவும் அலசவும் ஆலைகளில் சேர்க்கும் சோப்புப் போன்ற பொருள். சுத்திகரிப்பு நிலையத்தில் அது பாதி சிதைந்து நோனைல்ஃபீனால் ஆகிறது. அது மீன்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல நடிக்கும். ஐரோப்பா தன் ஆலைகளில் இதை 2005லேயே கட்டுப்படுத்திவிட்டது. இருந்தும் ஆறுகளில் அது வந்துகொண்டிருந்தது. வெளிநாடுகளில் தைத்து வந்த ஆடைகளை வீடுகளில் துவைக்கும்போது அவற்றில் ஒட்டியிருந்த மிச்சம் சாக்கடைக்குப் போவது ஒரு காரணம் என்று ஸ்வீடன் கணக்குக் காட்டியது. 2021 பிப்ரவரி 3 முதல், துவைக்கக்கூடிய துணியில் எடையில் 0.01 விழுக்காட்டுக்கு மேல் இந்தப் பொருள் இருந்தால் ஐரோப்பாவில் விற்க முடியாது. திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளர்களிடம் வாங்குவோர் ஆய்வறிக்கை கேட்பதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

இதுவரை சொன்ன வகுத்தல் கணக்கு, காலப்போக்கில் சிதையும் பொருட்களுக்கே பொருந்தும். சிதையாத பொருளுக்குச் சூழலில் உள்ள செறிவு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும். இன்று ஒன்றுக்குக் கீழே இருக்கும் விடை, இருபது ஆண்டுக்குப்பின் மேலே போய்விடும். அப்போது உற்பத்தியை நிறுத்தினாலும் ஏற்கெனவே பரவியதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே மூன்று குணங்கள் ஒன்றுசேர்ந்த பொருளுக்கு, அதாவது நீடித்து நிற்பது, உடலில் சேர்வது, நஞ்சாக இருப்பது ஆகியவை கூடினால், பாதுகாப்பான அளவு என்று ஒன்றைக் கணக்கிடுவதையே ரீச் சட்டம் கைவிட்டுவிடுகிறது. வெளியேற்றத்தைக் கூடிய மட்டும் குறை என்பது மட்டுமே விதி. 12 டிகிரி பற்றி வாக்குவாதம் நடந்தது இதனால்தான். ஒரு குணம் உறுதியானால் பொருளின் தலையெழுத்தே மாறும்.

2017 திருத்தத்தில் இன்னொரு வாக்குவாதமும் அடங்கியிருந்தது. மண்ணில் சிதைவுச் சோதனை செய்யும்போது கதிரியக்கக் கார்பன் அடையாளம் இட்ட பொருளைக் கலப்பார்கள். சில மாதம் கழித்துக் கரைப்பான் ஊற்றிப் பிரித்தெடுத்தால் ஒரு பங்கு வராது, மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சிதைந்ததாகக் கொள்வதா, ஒளிந்திருப்பதாகக் கொள்வதா? சிதைந்தது என்று வைத்தால் அரைவாழ்வுக் காலம் குறுகிவிடும். வழிகாட்டி சொன்ன பதில்: மறுத்து நிரூபிக்கும் வரை அதைச் சிதையாத பொருளாகவே எண்ண வேண்டும். ஒட்டியிருப்பதில் எவ்வளவு நுண்ணுயிர்களின் உடலாக மாறிவிட்டது, எவ்வளவு பிறகு விடுபடக்கூடியது என்று பிரித்துக் காட்டினால் அந்த அளவுக்குக் கழித்துக்கொள்ளலாம். காட்டுவது எளிதல்ல, செலவும் பிடிக்கும். ஆனாலும் சந்தேகத்தின் பலன் மண்ணுக்கே போக வேண்டும் என்ற இந்த முடிவு சரியானது என்பதே என் கருத்து.

உடலில் சேர்வது பற்றிய அளவுகோல்தான் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது. மீனின் உடலில் ஒரு பொருளின் செறிவு சுற்றியுள்ள நீரைப்போல 2,000 மடங்கைத் தாண்டினால் ‘சேரக்கூடியது’, 5,000 மடங்கானால் ‘மிகவும் சேரக்கூடியது’. டி.டி.டி., பி.சி.பி. போன்ற கொழுப்பில் கரையும் நஞ்சுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி இது. பொருள் கொழுப்பை நாடுகிறதா என்று பார்க்க, ஆக்டனால் என்ற எண்ணெய்த்தன்மை கொண்ட திரவத்தில் எவ்வளவு கரைகிறது, நீரில் எவ்வளவு கரைகிறது என்று ஒப்பிடுவதே முதல் சல்லடை.

அந்தச் சல்லடையில் விழாமல் போனது பி.எஃப்.ஓ.ஏ. ஒட்டாத வாணலிப் பூச்சு தயாரிக்கப் பல பத்தாண்டுகள் பயன்பட்ட பொருள். அது கொழுப்பில் சேர்வதில்லை, இரத்தப் புரதங்களில் ஒட்டும். மீன் அதைச் செவுள் வழியாக நீருக்கே திருப்பி விட்டுவிடுகிறது. ஆகவே மீன் சோதனையில் அது நல்ல பிள்ளை. நுரையீரலால் மூச்சுவிடும் உயிர்களுக்கு அந்த வசதி கிடையாது. மனித இரத்தத்தில் புகுந்த பி.எஃப்.ஓ.ஏ. பாதியாகக் குறையவே இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். ரீச் சட்டத்தின் அளவுகோல் இணைப்பு 2011இல் திருத்தப்பட்டு, கிடைக்கும் சான்றுகள் அனைத்தையும் சேர்த்து எடைபோடலாம் என்று வழி திறந்துவிட்டது. அதன் பிறகு, 2013இல், மனித இரத்தத் தரவையும் உணவுச் சங்கிலித் தரவையும் வைத்து பி.எஃப்.ஓ.ஏ. மிகக் கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அளவுகோல் மீனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த காலமெல்லாம் மனித உடல்களில் அது சேர்ந்துகொண்டிருந்தது.

இதற்கு மாற்றாக வந்தது ‘ஜென்எக்ஸ்’. நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரிலுள்ள ஆலை 2012இல் பி.எஃப்.ஓ.ஏ.வை விட்டு இதற்கு மாறியது. உடலைவிட்டு வேகமாக வெளியேறும் என்பது இதன் சாதகம். ஆனால் இதுவும் சிதையாது. மண்ணிலும் ஒட்டாது, நிலத்தடி நீரோடு ஓடிக் குடிநீர்க் கிணறுவரை போய்விடும். வழக்கமான வடிகட்டும் முறைகளில் எளிதில் சிக்குவதும் இல்லை. ஓடும் நீரில் கரைந்து நெடுந்தூரம் போகும் பொருள் என்ற வகை அன்றைய அளவுகோல்களில் கிடையாது. 2019இல் ‘அதற்குச் சமமான கவலை’ என்ற பொதுப் பிரிவின்கீழ் இதைப் பட்டியலில் சேர்த்தார்கள். உற்பத்தி நிறுவனம் வழக்குப் போட்டது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

விதிவிலக்காக நுழைந்த இந்தக் கவலை 2023இல் விதியாகவே ஆனது. அந்த ஆண்டு ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், ரசாயனங்களை வகைப்படுத்தி முத்திரையிடும் சட்டத்தில் புதிய வகைகளைச் சேர்த்தது. ஹார்மோன் குலைப்பவை, நீடித்துச் சேரும் நஞ்சுகள் ஆகியவற்றோடு, நீடித்து நகரும் நஞ்சுகளும் ஒரு தனி வகை. மண்ணின் கரிமப் பொருளில் ஒட்டும் அளவுக்கும் நீரில் கரைந்து நிற்கும் அளவுக்கும் உள்ள விகிதம் 1,000க்குக் கீழே போனால் ‘நகரக்கூடியது’, 100க்குக் கீழே போனால் ‘மிகவும் நகரக்கூடியது’. சந்தைக்குப் புதிதாக வரும் பொருட்களுக்கு 2025 மே 1 முதலும், ஏற்கெனவே இருப்பவற்றுக்கு 2026 நவம்பர் 1 முதலும் இது கட்டாயம். ஏற்கெனவே சந்தையில் உள்ள கலவைகளுக்கு 2028 வரை அவகாசம் உண்டு. இவற்றை எப்படிச் சோதிப்பது, எந்தச் சான்றை எப்படி எடைபோடுவது என்று விளக்கும் வழிகாட்டியை முகமை 2024 நவம்பரில் வெளியிட்டது.

இத்தகைய திருத்தம் ஒவ்வொன்றும் நீண்ட இழுபறிக்குப் பிறகே வருகிறது. வரைவை உறுப்பு நாடுகளின் நிபுணர்கள், தொழில்துறையினர், சுற்றுச்சூழல் அமைப்பினர் அடங்கிய குழு வரிவரியாகப் படித்துக் கருத்துச் சொல்லும். தொழில்துறையின் முறையீடுகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட முடியாது. நேற்றைய வழிகாட்டியை நம்பிச் சோதனை நடத்திப் பணம் செலவழித்தவரிடம் இன்று மறுபடி செய் என்றால் அவர் கேட்பது நியாயமே. புதிய மீன் சோதனை என்றால் மேலும் நூற்றுக்கணக்கான மீன்கள் சாகும். முதுகெலும்புள்ள உயிர்களைச் சோதிப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று ரீச் சட்டமே சொல்கிறது. இருந்தாலும் தாமதத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் என் தயக்கம் நீங்கிவிடுகிறது. டோர்ட்ரெக்ட் ஆலையைச் சுற்றி வாழ்ந்தவர்களிடம் யாரும் முன்கூட்டி அனுமதி கேட்கவில்லை.

வழிகாட்டி மாறியதும் நிறுவனங்கள் முன்பு கொடுத்த பழைய கோப்புகள் தாமாக மாறிவிடுவதும் இல்லை. பதிவு செய்தவர் புதிய தகவல் வந்தால் கோப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்ற கடமை தொடக்கத்திலிருந்தே இருந்தது; எத்தனை மாதத்துக்குள் என்ற கெடு 2020 டிசம்பரில்தான் வந்தது. முகமை சரிபார்க்க வேண்டிய கோப்புகளின் குறைந்தபட்சப் பங்கையும் அதே ஆண்டு 5 விழுக்காட்டிலிருந்து 20 ஆக உயர்த்தினார்கள். ஆற்றில் ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான பொருட்கள் கலந்திருக்க, ஒவ்வொன்றையும் தனித்தனியே மதிப்பிடும் பழக்கமோ இன்னும் முழுதாக மாறவில்லை.

இந்தியாவுக்கு இதில் நேரடியான அக்கறை உண்டு. 2020இல் நம் நாட்டில் எழுதப்பட்ட ரசாயன மேலாண்மை, பாதுகாப்பு வரைவு விதிகளில் ரீச் சட்டத்தின் சாயல் தெளிவாகத் தெரிந்தது. சட்டத்தின் எலும்புக்கூட்டை எடுத்துக்கொள்ளலாம். வழிகாட்டியின் எண்களை அப்படியே எடுத்தால் தவறாகிவிடும். நம் ஆறுகள் 12 டிகிரியில் ஓடுவதில்லை. சிதைவு இங்கே வேகமாக நடக்கலாம். அது நமக்குச் சாதகம். ஆனால் பத்து மடங்கு நீர்த்துப்போகும் என்ற கணக்கு, ஆண்டின் பெரும்பகுதி கழிவுநீரே ஓட்டமாக இருந்த நொய்யல் ஆற்றுக்கு எப்படிப் பொருந்தும்? சாயக்கழிவு அதில் சேர்ந்த நிலையைப் பார்த்துத்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த பத்தாயிரம் பேர் ஊர் என்பதும் நம் பல ஊர்களுக்குப் பொருந்தாத கற்பனை. மழைக்காலத்தில் ஓர் எண், கோடையில் ஓர் எண் என்று நம் ஆறுகளை அளந்து நாமேதான் எழுத வேண்டும்.

ரசாயனங்களோடு வேலை செய்கிறவர்கள் இன்றே பார்க்கக்கூடிய ஓர் இடம் உண்டு. டிரம்மோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் 16 பகுதிகள் இருக்கும். பெரும்பாலோர் தீ, கையுறை, முதலுதவி பற்றிய பகுதிகளோடு நிறுத்திக்கொள்வார்கள். 12ஆவது பகுதி சூழலைப் பற்றியது. ஐரோப்பிய வடிவத்தில் வரும் தாளில் அதன் நான்காவது உட்பிரிவு மண்ணில் நகர்வதையும், ஐந்தாவது நீடித்துச் சேரும் நஞ்சா என்ற மதிப்பீட்டின் முடிவையும், ஆறாவது ஹார்மோன் குலைக்கும் தன்மையையும் சொல்லும். கூடவே தாள் திருத்தப்பட்ட தேதியைப் பாருங்கள். 2023க்கு முந்தைய தேதி இருந்தால், நீடித்து நகரும் நஞ்சு என்ற வகை வருவதற்கு முன்பு எழுதப்பட்டது அது; புதிய தாளை விற்பனையாளரிடம் கேட்டு வாங்கலாம். இரண்டாவது பகுதியில் ‘ஈயூஎச் 450’ அல்லது ‘ஈயூஎச் 451’ என்ற குறியீடு தென்பட்டால், நீர் ஆதாரங்களில் நெடுங்காலம் பரவி நிற்கும் மாசை உண்டாக்கக்கூடியது என்று தயாரித்தவரே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அந்த டிரம்மைக் கழுவிய நீர் எந்த வாய்க்காலுக்குப் போகிறது என்று அன்றைக்கே விசாரிக்க வேண்டும்.